கெல்லர் குரல்களும் நீலக் கேற் வீடும்

கதவுக்கு உள்ளே நான் பாடிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே, மரவாங்கில் உட்கார்ந்து, அதை நானே கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

வாழ்க்கையில் எத்தனையோ தடவை திடுக்கிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு ஜெர்மன் நீதிமன்ற அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து எங்களுடைய தாளப்பெட்டி டும்-டக், டும்-டக் என்று அடிக்கத் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட திடுக்கம் வேறு வகை. முதலில் தாளம், பிறகு ஜெயந்தனின் கீபோர்ட், அதன்மேல் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து எடுக்கும் எடுப்பு. இரண்டாவது வரியில் என் குரல் ஒரு இடத்தில் சறுக்கும். அந்தச் சறுக்கலும் அப்படியே கேட்டது. அந்த நிலையிலும் எனக்கு வெட்கம் வந்தது என்றால் பாருங்கள்!

எதிர் வாங்கில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் அப்பிளைக் கடித்தபடி காலால் தாளம் போட்டார். உள்ளே என்ன விசேஷம் என்று என்னிடம் கேட்டார்.

சாட்சி சொல்ல வந்தவர்கள் கூப்பிடும்வரை வெளியேதான் இருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். என் மடியில் ஒரு கொப்பி இருந்தது. கட்டம் போட்ட தாள், மூலை மடிந்த பச்சை மட்டை. எங்கள் பாடகன் யோகன் இந்த நாட்டில் இருப்பதா, கொழும்புக்குப் போகும் விமானத்தில் ஏற்றப்படுவதா என்பது அந்தக் கொப்பியில் தங்கியிருந்தது.

உள்ளே பாட்டு மெல்லத் தணிந்தது. தாளமும் கீபோர்டும் மாத்திரம் ஒரே சுற்றில் சுழல, அதன்மேல் யோகனின் குரல் வந்தது.

"நான் ஒரு வீட்டைக் காட்டிக் குடுத்தனான்..."

டக் என்று யாரோ பொத்தானை அமுக்கி நிறுத்தினார்கள்.

நானும் இந்த இடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். அந்த ஒரு வசனம் எப்படி நீதிமன்றம்வரை வந்தது என்பதற்கு எங்கள் பாட்டுக் கோஷ்டியின் சரித்திரத்தையே சொல்லியாக வேண்டும்.

சலவை மெஷினுக்குப் பக்கத்தில்

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஹைம் சமையலறைச் சண்டையைப் படித்தவர்களுக்கு இடம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: வுப்பர்டாலில், ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலின் சத்தம் கேட்கிற தூரத்தில், அகதிகளுக்காக ஒதுக்கிய ஒரு பழைய தொழிலாளர் விடுதி, அதுதான் ஹைம். அதன் நிலக்கீழ் அறையை எல்லோரும் ஜெர்மன்காரரைப் போலவே கெல்லர் என்போம். அங்கே இரண்டு சலவை மெஷின்கள் இருந்தன.

நான் உடுப்புத் தோய்க்கப் போகும்போது பாடுவேன். கெல்லரில் எந்தக் குரலும் நல்ல குரலாகக் கேட்கும். ஒருநாள் ஜெயந்தன் சந்தையில் பிடித்த பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். அதில் இரண்டு கட்டை வேலை செய்யாது. மூன்றாவதாக வந்தவன் யோகன். ஈர உடுப்பு வாளியோடு கதவடியில் நின்றான்.

"தம்பி, பாடுவீரோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பாடுவன், அக்கா."

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வாயில் கொழுக்கட்டை என்று நாங்கள் பகிடி பண்ணும் அளவுக்குப் பேச்சில்லாதவன். ஊர் எது என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்பான், அதற்குமேல் ஒரு சொல் வராது. ஆனால் வாயைத் திறந்து பாடியதும் ஜெயந்தன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். நானும் விக்கித்துப் போனேன். அடியிலிருந்து எழும்பி வருகிற ஒரு குரல், அழுகைக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிடும்.

பிறகு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆறு பேரில் இரண்டு பேர் சைவம், அதில் யோகனும் ஒருவன். திருநீறு பூசிக்கொண்டு வந்து அல்லேலூயா பாடுவார்கள். ஞாயிறுகளில் நாங்கள் பாடப்போகும் ஜெர்மன் தேவாலய மண்டபத்தில் குளிருக்கு ஹீட்டர் இருந்தது, கேக்கும் இருந்தது, யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. கோஷ்டிக்கு நான் வைக்க நினைத்த பெயர்கள் எல்லாம் வேதாகமத்திலிருந்து எடுத்தவை. ஹைமில் இருந்தவர்கள் கூப்பிட்ட பெயர் கெல்லர் குரல்கள். கடைசியில் நாங்கள் பாடிப் பதிவு செய்த கசெட்டிலும் அதுதான் அச்சானது.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள், பாடசாலையில் கிறிஸ்மஸ் நாடகம் எழுதியவள். எனக்கு எழுத்தில் ஆசை கொஞ்சம் கூடுதல். மேய்ப்பர்களுக்கு ஆளுக்கு ஒன்றரைப் பக்கம் வசனம், ஒரு வருஷம் ஆட்டுக்குட்டிக்கும் வசனம் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கெட்ட பழக்கத்தை மறந்துவிடாதீர்கள்.

கைதட்டத் தெரியாதவர்கள்

தூரத்தில் ஓர் அணு உலை வெடித்ததால் மழையில் நனையாதே, கீரை வாங்காதே என்று ரேடியோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்த அந்த இளவேனிலில்தான் டொலோரஸ் எங்களிடம் வந்தாள். கறுப்பு அமெரிக்கப் பெண். சிப்பாய்ப் புருஷனோடு ஜெர்மனிக்கு வந்தவள். அவன் திரும்பிப் போய்விட்டான், அவள் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலையோடு இங்கேயே தங்கிவிட்டாள்.

நாங்கள் தேவாலயத்தில் கீர்த்தனை பாடியதைக் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்கள் ஏன் முதல் அடியில் கை தட்டுகிறீர்கள்? இரண்டாவதில் தட்டுங்கள். பிறகு நாலாவதில்!" என்றாள் ஆங்கிலத்தில்.

தட்டிப் பார்த்தோம். கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று இழுபட்டது. மூன்று கிழமை ஆனது. உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் தட்டினோம், தொங்கு ரயிலில் நின்றபடியும் தட்டினோம். ஒருநாள் கெல்லரில் ஆறு பேரின் கையும் ஒரே இடத்தில் விழுந்தது. டொலோரஸ் என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள்.

அவள் கொடுத்த கசெட்டுகளை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேஸ் கிட்டார், தாளப்பெட்டி, குழையும் குரல்கள். ரேடியோவில் வரும் காதல் பாட்டு என்றே நினைப்பீர்கள். ஆனால் சொல் முழுக்கக் கர்த்தரைப் பற்றியது. பக்கத்து அறைக்குக் கேட்கக்கூடாது என்று சத்தத்தைக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். நகரத்து இளசுகளின் புதுப் பக்திப் பாட்டு இதுதான் என்றாள் டொலோரஸ். அந்த மெட்டில் நான் தமிழ் வரிகள் எழுதத் தொடங்கினேன்.

முதல் கச்சேரி முடிந்ததும் பொன்னையா அண்ணை என்னை மறித்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர்தான் மூப்பர்.

"தங்கச்சி, இது கோயிலோ, டிஸ்கோவோ?"

"அண்ணை, நீங்கள் காலாட்டினதை நான் கண்டனான்."

"அது குளிருக்கு!" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

சாட்சிச் சுற்று

டொலோரஸின் ஊர்த் தேவாலயங்களில் ஒரு வழக்கம். பாட்டின் நடுவில் பாடுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். வாத்தியம் மாத்திரம் அதே நாலு ஸ்வரப் பிடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் ஒருவர் முன்னால் வந்து, தான் எப்படிக் கெட்டுப்போயிருந்தேன், எப்படி மீண்டேன் என்று சாட்சி சொல்வார். சபை அழும். பிறகு பாட்டு மேலே போகும்.

"பாட்டு பாதி, சாட்சி பாதி. சாட்சி இல்லையென்றால் வெறும் கச்சேரி" என்பது அவள் கட்சி.

எங்கள் ஆட்களுக்கு இது சரிவருமா? நூறு பேருக்கு முன்னால் போய் உன் குற்றத்தைச் சொல் என்றால், "சுகமா இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆகவே நான் பேனையை எடுத்தேன்.

ஜெயந்தனைக் குடிகாரனாக்கினேன். உண்மையில் அவன் ஃபன்டாவைத் தவிர வேறொன்றும் குடியான். மேடையில் அவன் தள்ளாடிக்காட்டிச் சாட்சி சொன்ன அழகுக்கு, ஹில்டே அம்மா அழுதுவிட்டுக் குடியை நிறுத்துவது எப்படி என்று மூன்று புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஹில்டே அம்மா எங்களுக்கு மண்டபம் தந்த ஜெர்மன் சபையின் ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர். எங்கள் எல்லோருக்கும் குளிருக்குத் தொப்பி பின்னித் தந்தவர்.

பொய்யில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு அது நாடகமாகத்தான் தெரிந்தது. ஏரோது ராசாவாக நடிக்கும் பெடியன் குழந்தைகளைக் கொன்றவன் இல்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்தானே? இங்கேயும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஜெர்மன் சபையோ ஒவ்வொரு சொல்லையும் வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டது. என் முதல் பிழை அது.

யோகனுக்கு எழுதும்போது, இவன் இயக்கத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினவன், பிறகு மனம் வருந்தினவன் என்று கொப்பியில் எழுதி, தாளில் பிரதி பண்ணிக் கொடுத்தேன். அவன் சலவை மெஷினில் சாய்ந்து நின்று படித்தான். படித்த தாளையே திரும்பவும் படித்தான்.

"துவக்கு வேண்டாமக்கா."

"ஏன், பயமோ?"

"துவக்கு நான் தூக்கேல்லை."

"நீர் தூக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும்தானே! இது சும்மா சொல்லுறது. எழுதினபடி சொல்லும், தம்பி."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

ஹம்பேர்க்கில் நடந்தது

இலையுதிர் காலத்தில் ஹம்பேர்க்கிலிருந்து அழைப்பு வந்தது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தேவாலயம். மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். ஹில்டே அம்மாதான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து எடுத்துத் தந்தார். மண்டபம் நிறைந்த சனம். நாங்கள் பாடினோம், கை இரண்டாவது அடியில் விழுந்தது, சாட்சிச் சுற்று தொடங்கியது. யோகன் முன்னால் போனான். என் தாளை அவன் எடுக்கவே இல்லை.

"நான் துவக்குத் தூக்கேல்லை. நான் ஒரு வீட்டைக் காட்டிக் குடுத்தனான். எனக்குப் படிப்பிச்ச மாஸ்டரின்ர வீடு. நீலக் கேற். அங்க ஜிம்மியெண்டு ஒரு நாய். ஆரைக் கண்டாலும் குலைக்கும், என்னைக் கண்டால் குலைக்காது. அதுக்காகத்தான் இயக்கக்காரங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். நான் கேற்றடியில நாயின்ர வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மாஸ்டரை வெளியில கொண்டு வந்தாங்கள். அவர் என்னைப் பார்த்தவர். ஒண்டும் சொல்லேல்லை. பிறகு அவர் திரும்பி வரேல்லை."

ஜெயந்தன் ஒவ்வொரு வரியாகத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னான். தாளப்பெட்டி மாத்திரம் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் ஊன்றுகோலோடு வந்தார். யுத்தத்துக்குப் போன தலைமுறை. யோகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், விடவே இல்லை.

நான் அதிர்ந்துபோய் நின்றேன். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? சொல்லவே கூசுகிறது. பொறாமை! இந்த வாய்பேசாப் பெடியனுக்கு இவ்வளவு கற்பனையா? நாயின் வாயைப் பொத்துகிற அந்த இடம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

திரும்பி வரும் ரயிலில் கேட்டேன்.

"எங்கயடா இதையெல்லாம் ஒளிச்சு வைச்சிருந்தனீ?"

அவன் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். "நீங்கள் அதைக் கொப்பியில எழுதுங்கோ, அக்கா. எழுதினால்தான் எனக்குத் திரும்பவும் சொல்ல ஏலும்."

அப்போதே பையிலிருந்து கொப்பியை எடுத்து, துவக்கை வெட்டிவிட்டு, நீல மையில் வீட்டையும் வாசல் கேற்றையும் நாயையும் எழுதினேன். இரண்டு இடத்தில் வசனத்தை மெருகேற்றவும் செய்தேன்.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அவன் அதைத்தான் சொன்னான். ஒவ்வொரு முறையும் யாராவது முன்னால் வந்து அவன் தலையில் கை வைப்பார்கள். அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினான். ஒருநாள் சமையலறையில் சிரித்ததைக்கூடக் கேட்டேன். பாட்டு ஆளைத் திருத்துகிறது என்று எனக்குப் பெருமை.

தொப்பி பின்னியவர் செய்த உதவி

யோகனின் அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்தது. ஹில்டே அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சாட்சிச் சுற்றும் பதிவான எங்கள் கசெட்டை வைத்து, ஜெயந்தனிடம் வரிவரியாகக் கேட்டு, யோகனின் சாட்சியை ஜெர்மனில் அழகாகத் தட்டெழுதினார். இப்படி மனம் திருந்திய ஒரு நல்ல இளைஞனை அனுப்பிவிடாதீர்கள் என்று தன் பெயரில், சபையின் முத்திரையோடு ஒரு கடிதமும் எழுதி, கசெட்டையும் சேர்த்து அலுவலகத்துக்கு அனுப்பினார். நல்ல செய்தி வந்தபிறகு சொல்லலாம் என்று எங்களிடம் மூச்சுவிடவில்லை.

முதல் விசாரணையில் யோகன் சொல்லியிருந்தது வேறு. எந்த இயக்கத்தோடும் தொடர்பில்லை, ஊரில் இராணுவம் இளைஞர்களைப் பிடித்தது, பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லியிருந்தான். இப்போது சபையே முத்திரை குத்தி இன்னொரு கதையை அனுப்பியிருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இவர் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடினோம். ஹில்டே அம்மா வாயில் கையை வைத்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த முடிவை எதிர்த்து வழக்குப் போடப் போனபோது வழக்கறிஞர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இரண்டு கதை சொன்னால் ஒரு கதையையும் நம்பமாட்டார்கள். எது உண்மை?"

யோகன் நிலத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கப்போகிறவன்போல நிமிர்ந்தான். நான் விடவில்லை.

"இரண்டாவது என்னுடையது! நான் எழுதியது! எல்லோருக்கும் நான்தான் எழுதுகிறேன்!"

வழக்கறிஞரின் முகம் மலர்ந்தது. "நிரூபிக்க முடியுமா?"

"கொப்பி இருக்கிறது" என்றேன். அதன்பிறகு யோகனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாய்க்கு என்ன நடந்தது?

இப்போது நீதிமன்ற அறையின் கதவு திறந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி நரைமுடிப் பெண்மணி. தடிமனும் மூக்கடைப்பும்போல, வாயில் ஒரு இனிப்பை ஒதுக்கிக்கொண்டு பேசினார். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று முதலிலேயே சொன்னார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒரு தமிழர். யோகன் வழக்கறிஞருக்குப் பக்கத்தில், கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பார்வையாளர் வரிசையில் ஹில்டே அம்மாவும் ஜெயந்தனும் இருந்தார்கள்.

கொப்பியைக் கொடுத்தேன். நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னார். கிறிஸ்மஸ் நாடகம் வந்தது.

"மேடம், இங்க ஒரு லாம்ப் பேசுது. டயலாக் இருக்கு" என்றார் என்னிடம், நம்பமுடியாமல்.

"ஓம், ஆட்டுக்குட்டிதான்" என்றேன்.

அவர் ஜெர்மனில் சொன்னதும் நீதிபதி சிரித்துவிட்டார். பிறகு குடிகாரனின் சாட்சி வந்தது. அந்தக் குடிகாரர் இங்கேயே இருக்கிறார் என்று வழக்கறிஞர் காட்ட, ஜெயந்தன் எழும்பி, தான் ஃபன்டா மாத்திரம் குடிப்பவன் என்று வணக்கமாகச் சொன்னான். அறையே சிரித்தது. எனக்கு உயிர் வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

நீதிபதி யோகனின் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்கே துப்பாக்கி வெட்டப்பட்டிருக்கிறது. நீல மையில் வேறு எழுதியிருக்கிறது. இதுவும் உங்கள் கையெழுத்தா?"

"ஆம். துப்பாக்கியை எல்லோரும் எழுதுவார்கள். இது மேடைக்கு நன்றாக இருந்தது."

"கேற்றின் நிறமும் உங்கள் கற்பனையா?"

"ஆம்."

"நாயின் பெயர்?"

"அதுவும்தான்." பரிசு வாங்குகிறவளைப்போல நிமிர்ந்து நின்று சொன்னேன், கடவுளே!

அவர் கண்ணாடியைக் கழற்றினார். விசாரணைக்காகக் கேட்டாரா, சும்மா ஒரு வாசகியாகக் கேட்டாரா தெரியாது. "பிறகு அந்த நாய்க்கு என்ன நடந்தது?"

நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியை யோகனுக்காகத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். யோகன் தலை நிமிரவில்லை. அவன் கைகள் மேசைக்கு மேலே வந்திருந்தன. ஒன்றை ஒன்று பொத்தி, எதையோ இறுக்கிப் பிடித்தபடி இருந்தன.

"அது கடைசிவரைக்கும் என்ர கையை நக்கிக்கொண்டு நிண்டது" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நான் அந்த நாய்க்குப் பெயர் வைக்கவில்லை. நான் அந்தக் கேற்றுக்கு நிறம் பூசவில்லை. இந்தப் பெடியன் கெல்லரில் சலவை மெஷினில் சாய்ந்து நின்றபடியே எனக்குச் சொல்லிவிட்டான். எழுதினபடி சொல்லும் என்று நான்தான் அவன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் யோகனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சாரி, என்ன சொன்னீங்க? எனக்குச் சரியா கேக்கல."

"ஒண்டுமில்லை" என்றான் யோகன்.

அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீதிபதி இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் யோகன் போய்விடுவான். போனால் அங்கே அவனுக்கு என்ன நடக்கும் என்பது அந்த அறையில் எனக்கும் அவனுக்கும்தான் நன்றாகத் தெரியும்.

"நான் அதுவரைக்கும் எழுதவில்லை" என்றேன்.

நீதிபதி தலையாட்டினார். இது மேடைக்காக இந்தச் சாட்சி புனைந்து எழுதியது என்று பதிவில் சேர்க்கச் சொன்னார். கொப்பியை மூடி என்னிடம் நீட்டினார்.

தொங்கு ரயிலில்

வெளியே வந்ததும் ஹில்டே அம்மா யோகனைக் கட்டிப்பிடித்தார். சிரிப்பும் அழுகையுமாக அவன் கன்னத்தைத் தட்டினார்.

"நீ ஒன்றுமே செய்யவில்லை! எனக்குத் தெரியும், நீ அப்படிப்பட்டவன் இல்லை! நான் எத்தனை நாள் உனக்காக வீணாக அழுதிருக்கிறேன்!"

யோகனின் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. வாழ்த்து வாங்குகிறவனின் முகமில்லை. யாரோ அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல அந்தக் கிழவியின் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தான்.

வுப்பர்டாலில் இறங்கித் தொங்கு ரயில் ஏறினோம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தரிப்பில் கேட்டேன்.

"அது நடந்ததோ, தம்பி?"

"நான் ஹம்பேர்க்கிலயே சொன்னனான்தானே, அக்கா."

"எனக்கு விளங்கேல்லையடா. சத்தியமா விளங்கேல்லை."

"நீங்கள் என்னைக் காப்பாத்தினீங்கள். அதுக்கு நான் காலம் முழுக்க நன்றி சொல்லவேணும்." தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "ஆனா அந்தக் கிழவர், ஹில்டே அம்மா, அவ்வளவு சனம், எல்லாரும் தெரிஞ்சுகொண்டுதான் என்னைத் தொட்டவை. இப்ப அது பொய்யெண்டு எழுதியாச்சு. இனி நான் ஆரிட்டைச் சொல்லுறது, அக்கா?"

எனக்கு அழுகை வந்தது. எவ்வளவோ வசனம் எழுதியவள், அவனுக்குச் சொல்ல ஒரு வசனம் கிடைக்கவில்லை.

சில கிழமைக்குப் பிறகு தீர்ப்புக் கடிதம் வந்தது. யோகன் இருக்கலாம். ஹைமில் கேக் வெட்டினார்கள், பொன்னையா அண்ணை ஜெபம் பண்ணினார்.

அந்த ஞாயிறு பாடினோம். சாட்சிச் சுற்று வந்தது. பழக்கத்தில் ஜெயந்தன் அந்த நாலு பிடியை வாசிக்கத் தொடங்கிவிட்டான். யோகனும் பழக்கத்தில் முன்னால் போய்விட்டான். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாளப்பெட்டி அடித்தது, சுற்று சுழன்றது, அவன் வாய் திறக்கவில்லை. சபை அவன் ஜெபிக்கிறான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. டொலோரஸ் மாத்திரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதுதான் கெல்லர் குரல்களின் கடைசிக் கச்சேரி. ஏன் உடைந்தது என்று இந்தத் தொடரைப் படிக்கும் பழைய ஹைம்காரர்கள் கேட்டு எழுதுகிறார்கள். ஆளுக்கொரு ஊரில் வேலை கிடைத்தது என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன்.

சென்ற வாரப் பகுதி வெளிவந்த மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. வருஷங்கள் கழித்தும் குரலை உடனே பிடித்துவிட்டேன். அடியிலிருந்து எழும்பி வருகிற அதே குரல். அவனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அக்கா, அடுத்தது எங்கட பாட்டுக் கோஷ்டியோ?"

"ஓம். ஆனா உன்ர விஷயம் எழுதமாட்டன். பயப்படாதை."

மறுபக்கத்தில் அவன் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"எழுதுங்கோ, அக்கா. என்ர பேரை மாத்துங்கோ. நாயின்ர பேரை மாத்தாதேங்கோ."

"சரி."

"மற்றது, அக்கா..."

"சொல்லு, தம்பி."

"இந்தமுறை கற்பனையெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."